கதவின் வயது

ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தில் பதினொரு விநாடி மட்டும் வந்துபோகும் லொறி ஒன்று, பத்து வருடங்களுக்கு மேலாக என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்கள் கதாநாயகனைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார்கள். லொறி பின்னுக்குப் போய்விடும். காட்சி இதுதான்: இரண்டு பக்கமும் பனை நிற்கும் ஒரு மண் வீதி, தூரத்துத் திருப்பத்தில் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று புழுதியோடு வருகிறது, கமராவை நெருங்கும்போது அதன் வலப்பக்கம் தெரிகிறது, சாரதி, கதவின் முன்மூலையில் இருக்கும் சிறிய முக்கோணக் கண்ணாடியை விரலால் தள்ளித் திறந்து சுருட்டுப் புகையை வெளியே விடுகிறார், லொறி நிற்கிறது, கீழே நிற்கும் ஒருவர் கதவின் கைபிடியைக் கீழ்நோக்கித் திருகித் திறக்கிறார், அதற்குப் பிறகு வசனம் தொடங்க, கமரா முகங்களுக்குப் போய்விடுகிறது. முகங்கள் எனக்குத் தேவையில்லை.

வீட்டில் என்னோடு படம் பார்க்க ஒருவரும் விரும்புவதில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் நிற்கும் வாகனத்தின் முன்முகத் தட்டியான கிறிலில் எத்தனை பட்டைகள் என்று எண்ணுகிறவனோடு யார்தான் இருந்து பார்ப்பார்கள்? என்னிடம் நூற்றறுபது பக்கக் கொப்பிகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் படம், காட்சி வரும் நிமிடம், லொறியின் பெயர், செய்த ஆண்டு என்று நான்கு கோடுகள் போட்டு எழுதி வந்திருக்கிறேன். இதனால் எவருக்கும் ஒரு சதமும் வரப்போவதில்லை. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் அப்பப்பாவிடம் ஒரு லொறி இருந்தது. கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கிய செவர்லெற். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையிலிருந்து புகையிலையும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் கொழும்புக்குப் போய், திரும்பும்போது கடைச் சாமான் ஏற்றி வரும். எழுபதுகளின் முற்பகுதியில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்றபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கொஞ்சம் காசு கண்டார்கள் அல்லவா, அந்தக் காலத்தில் லொறியும் ஓய்வில்லாமல் ஓடியதாம். பெரியப்பாதான் சாரதி. அப்பப்பா இடப்பக்கத்து ஆசனத்தில் இருந்து கணக்குப் பார்ப்பார். நான் பிறக்கும் முன்பே லொறி ஓட்டத்தை நிறுத்திவிட்டது. பின்வளவில் கல்லின் மேல் நின்று, பிறகு துண்டு துண்டாகப் போனது. அதன் வில்லுத் தகடுகளைக் கொல்லர் வாங்கிக் கத்தி அடித்தார் என்று சொல்வார்கள். எஞ்சியது விறாந்தையில் மாட்டியிருந்த ஒரு புகைப்படம் மட்டுமே. அப்பப்பா எஞ்சின் மூடியான பொனற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கும் படம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பிப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தபோது அதை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது சுவரில் ஆணி இருந்தது.

அந்தப் படத்தை நான் பல தடவைகள் பார்த்திருக்கிறேன். ஆனால் சிறுவன் பார்க்கும் பார்வை. அகன்ற கிறிலும் அதற்கு மேல் உருண்ட பொனற்றும் நினைவில் இருக்கின்றன. கதவைப் பார்த்த நினைவு இல்லை. ஆகவே எங்கள் லொறியைச் சினிமாவில் தேடத் தொடங்கினேன். அதே ஆலையிலிருந்து அதே ஆண்டு வெளிவந்த இன்னொன்று ஏதோ ஒரு படத்தில் எங்கோ ஒரு மூலையில் ஓடியிருக்கத்தானே வேண்டும்.

முகம் பார்த்து ஆள் சொல்வது

லொறியை அடையாளம் காண்பது ஆளை அடையாளம் காண்பதைப் போன்றதுதான். தூரத்தில் நடையை வைத்து இன்ன வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம். கிட்ட வந்தபின் முகத்தை வைத்துப் பெயரைச் சொல்லலாம். வயதைச் சொல்லத்தான் கையையும் கழுத்தையும் பார்க்க வேண்டும். செவர்லெற்றை எடுத்துக்கொண்டால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தை ஒட்டிய லொறிகளின் கிறில் மேலே படுக்கைப் பட்டைகளும் கீழே நிலைப்பட்டைகளுமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். 1947ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முற்றிலும் புதிய வடிவம் வந்தது: ஐந்து அகன்ற படுக்கைப் பட்டைகள், மட்காட்டுக்குள் பதிந்த விளக்குகள், நடுவில் ஒரு சட்டத்தால் இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடி. இந்த முகம் 1953 வரை மாறவில்லை. 1954இல் கிறிலும் மாறி, முன்கண்ணாடியும் ஒரே வளைந்த கண்ணாடியாக ஆனது. ஆகவே முகத்தை மட்டும் பார்ப்பவர் ஆறு ஏழு ஆண்டு இடைவெளிக்குள்தான் நிற்க முடியும். அதற்குள்ளே ஆண்டைப் பிடித்துத் தருவது கதவு. 1951இல்தான் கதவின் முன்மூலையில் காற்றுக்கான சிறு முக்கோணக் கண்ணாடி வந்தது. 1952இல் திருகித் திறக்கும் கைபிடி போய், கட்டைவிரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் கைபிடி வந்தது. முக்கோணக் கண்ணாடியும் திருகு கைபிடியும் ஒரே கதவில் இருந்தால் அது 1951 அல்லது 1952இன் தொடக்கம். இதைவிடத் துப்பரவான சாட்சி ஒரு துப்பறிவாளனுக்குக் கிடைக்காது. என் பதினொரு விநாடிக் காட்சியில் இரண்டும் இருந்தன. சுருட்டுப் புகை விடவேண்டும் என்று அந்த நடிகருக்குச் சொன்ன இயக்குநருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எல்லா லொறியும் இப்படிப் பிடி கொடுப்பதில்லை. 1953இல் வந்த பெட்போர்ட் ஏ வகையைத் தூரத்தில் கண்டால் செவர்லெற் என்றே சொல்லத் தோன்றும். அதில் வியப்பில்லை, லூற்றன் நகரில் பெட்போர்ட் செய்த வொக்ஸ்ஹோல் கொம்பனியும் செவர்லெற்றும் ஜெனரல் மோட்டர்ஸ் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். ஆனால் தாய்வழி உறவே இல்லாத லொறிகளும் ஒரே முகத்தோடு வருவதுதான் பெரிய தொல்லை. நாற்பதுகளின் இறுதியில் இங்கிலாந்தின் டாகன்ஹாமில் பிறிக்ஸ் என்ற உடல்கட்டும் ஆலை செய்த ஒரே உருக்குக் கபினைத்தான் (சாரதி இருக்கும் கூண்டு) லேலண்ட் கொமெற்றும் போர்ட் தேம்ஸும் லண்டன் கியூவில் செய்த டொட்ஜும் போட்டுக்கொண்டு வந்தன. கிறிலும் பெயரெழுத்தும் தெரிந்தால் ஒழிய, ஓடும் லொறியில் இவற்றைப் பிரித்துச் சொல்வது இரட்டைப் பிள்ளைகளை முதுகுப்பக்கமாகப் பார்த்துப் பெயர் சொல்வதைப் போன்றது. டொட்ஜிலும் ஒரு கூத்து உண்டு: ஒரே லொறியே டொட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயர்ப் பட்டயங்களோடு விற்கப்பட்டது. பம்பாயில் பிறீமியர் கொம்பனி கிறைஸ்லரின் உரிமத்தில் பொருத்தியவையும் அப்படியே. பழைய இந்தியப் படங்களில் பார்கோ என்று ஒருவரும் டொட்ஜ் என்று இன்னொருவரும் அடித்துச் சொன்னால், இருவரும் சரியாக இருக்க இடமுண்டு.

இந்திய லொறிகளில் இன்னொரு சிக்கல், ஆலையிலிருந்து பெரும்பாலும் அடிச்சட்டமான சசியும் எஞ்சினும் முன்முகமும் மட்டுமே வந்தன. கபினையும் பெட்டியையும் ஊர்த் தச்சர்தான் கட்டினார். கதவு மரம்; கைபிடி எந்தக் கடையில் கிடைத்ததோ அது. அங்கே கதவைப் பார்த்து ஆண்டு சொல்லவே முடியாது, முகப்புச் சின்னத்தைத்தான் பார்க்க வேண்டும். டாட்டா நிறுவனம் 1954இல் டைம்லர் பென்ஸோடு செய்த ஒப்பந்தம் 1969இல் முடிந்தது. அதுவரை முன்னால் மூன்று கதிர் நட்சத்திரம். அதன் பிறகு வட்டத்துக்குள் டாட்டாவின் ‘டி’. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தைக் காட்டும் ஒரு படத்தில் அந்த நட்சத்திரம் போட்ட லொறியிலிருந்து வெள்ளைக்காரப் பொலிஸார் குதித்து இறங்கியதைக் கண்டபோது, கையில் இருந்த தேநீர் ஊற்றுப்பட்டது. போர்க்கால லொறிக்கு ஆசைப்பட்டால் கனடா செய்ததைத் தேடியிருக்கலாம். பிரித்தானியப் பேரரசின் படைகளுக்காக அங்கே இலட்சக்கணக்கில் செய்த லொறிகளின் கடைசிக் கபினில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னுக்கும் கீழ்விளிம்பு உள்ளுக்குமாகச் சரிந்திருக்கும். வெயில் பட்டு மினுங்கி மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். அந்தத் தலைகீழ்ச் சரிவை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். அதிலும் போர்ட்டும் செவர்லெற்றும் ஒரே கபினைப் பங்குபோட்டுக்கொண்டன என்பது வேறு கதை.

நாற்பத்தெட்டா, ஐம்பத்தொன்றா

இப்போது சண்டைக்கு வருகிறேன். எங்கள் லொறி எந்த ஆண்டு என்று கேட்டால் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ‘நாப்பத்தெட்டு மொடல்’ என்பார். ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஆனால் அவர் சொல்லும் கதைகளில் முக்கோணக் கண்ணாடி ஒன்று தவறாமல் வரும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டால், வவுனியா தாண்டுமட்டும் அப்பப்பா அந்தச் சிறிய கண்ணாடியைத் திறந்து முகத்துக்கு நேரே காற்றை வைத்துக்கொண்டு தூங்குவாராம். வெற்றிலைத் துப்பலையும் அதன் வழியாகத்தான் விடுவாராம். ஒருமுறை மதவாச்சியில் பொலிஸ்காரர் ஒருவரின் காற்சட்டையில் பட்டு, இரண்டு றாத்தல் செத்தல் மிளகாயோடு பிரச்சினை தீர்ந்ததாம்.

1948 செவர்லெற்றில் அந்தக் கண்ணாடி கிடையாது. இருக்கவே முடியாது. ஆகவே ஒன்றில் கண்ணாடி பொய், அல்லது ஆண்டு பொய். கண்ணாடி பொய்யாக இருக்க முடியாது, ஏனென்றால் பொலிஸ்காரரின் காற்சட்டையை அப்பாவும் சொல்வார், சின்ன மாமியும் சொல்வார். ஆகவே ஆண்டுதான் பிழை. வயது போன மனிதர் மூன்று வருடத்தை எங்கோ தவறவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அந்தப் பதினொரு விநாடி அகப்பட்டதும் முடிவு உறுதியாகிவிட்டது. அதே அகன்ற கிறில், அதே பொனற், முக்கோணக் கண்ணாடி. அதோடு நின்றிருக்கலாம். நான் இணையத்தில் 1951 செவர்லெற் லொறி ஒன்றின் நல்ல படத்தைத் தேடி எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பழைய ஆணி இருந்த இடத்திலேயே மாட்டினேன். வந்துபோன சொந்தக்காரர் எல்லாரும் ‘அதே லொறிதான்’ என்று கண் கலங்கினார்கள். பெரியப்பா மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்க் கதிரையில் இருந்தார். அந்த மௌனந்தான் என்னைக் குடைந்தது. ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் வாதாடி இருப்பேன்.

சுன்னாகத்தில் ஒரு பின்னேரம்

போன மார்கழியில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பின்னேரம், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் பிழை என்று அவருக்கே காட்டத்தான் போனேன். பெரியம்மா பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் காட்சியை ஓடவிட்டேன். பெரியப்பா முதல் தடவை படத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவை வீதியைப் பார்த்தார். மூன்றாம் தடவைதான் லொறியைப் பார்த்தார். கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தி, நாடியில் விரல் வைத்துப் பார்க்கும் வைத்தியரைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னேன்: இந்தக் கண்ணாடி 1951இல் வந்தது, இந்தக் கைபிடி 1952இல் போய்விட்டது, ஆகவே இது ஐம்பத்தொன்று, மிஞ்சினால் ஐம்பத்திரண்டு தொடக்கம், எங்கள் லொறியிலும் இந்தக் கண்ணாடி இருந்தது, ஆகவே அதுவும் நாற்பத்தெட்டாக இருக்க முடியாது.

பெரியப்பா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ சொல்லுறது கதவின்ர வயசு, தம்பி. லொறியின்ர வயசைச் சொல்லு பாப்பம்,” என்றார்.

எனக்கு விளங்கச் சில விநாடிகள் எடுத்தன. அவர் விளக்கினார். லொறி வாங்கி இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, மாரி இரவொன்றில் பரந்தனுக்குக் கிட்ட, விளக்கில்லாமல் வந்த மாட்டுவண்டியின் அச்சுமுனை இடப்பக்கக் கதவைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. மாடுகளுக்கும் ஆட்களுக்கும் ஒன்றுமில்லை. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார்கள். நாற்பத்தெட்டுக் கதவு கிடைக்கவில்லை. எங்கோ மோதி உடைந்த புதிய லொறி ஒன்றின் இடப்பக்கக் கதவு கிடைத்தது. பிணைச்சல் அப்படியே பொருந்தியது. லொறி பச்சை, கதவு நீலம். அந்தக் கதவில்தான் முக்கோணக் கண்ணாடி இருந்தது.

“வலப்பக்கத்திலை?” என்று கேட்டேன்.

“வலப்பக்கத்திலை ஏது? எனக்கு அந்தக் கண்ணாடி ஒரு நாளும் இருக்கேல்லை. வேர்த்து ஒழுக ஒழுக ஓட்டினது நான். காத்து வாங்கினது ஐயா.”

அறுபது வருடத்து மனக்குறை ஒன்று அந்தக் குரலில் இருந்தது. பெரியம்மா உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. நான் திரையைப் பார்த்தேன். அந்தப் பதினொரு விநாடியில் லொறியின் வலப்பக்கம் மட்டுமே நன்றாகத் தெரிகிறது. ஒரே ஒரு கதவு. அந்த ஒரு கதவை வைத்துக்கொண்டு முழு லொறிக்கும் பிறந்த ஆண்டு எழுதி, அதை வைத்து எங்கள் லொறிக்கும் எழுதி, ஆணியிலும் மாட்டியிருக்கிறேன். நாற்பத்தெட்டும் சரி, முக்கோணக் கண்ணாடியும் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி வந்துபோனது எனக்குத் தெரியவில்லை.

வெட்கம் அதில் மட்டும் இல்லை. கதவு மாறும் என்பது மற்ற ஊர்க்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருந்ததற்குச் சாட்டுச் சொல்ல முடியாது. 1990க்குப் பிறகு போர்க்காலத் தடையால் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வராமல் நின்ற ஆண்டுகளில்தான் எனக்கு விவரம் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் சேலைன் குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல் குடித்துக் கண் விழித்து, பிறகு மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஆசுபத்திரிக்குப் போகும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது அந்தக் கொடுமையைத் தாங்கியது. அதன் ஒரு விளக்கு மொறிஸ் மைனருடையது, கண்ணாடி துடைக்கும் தடி ஏதோ வான் ஒன்றினுடையது, ஆசனம் தச்சரின் கைவேலை. அதை எந்த ஆண்டு என்று கேட்டால் அவர்கள் பதிவுப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் உள்ள ஆண்டைச் சேர்ந்த பாகம் காரில் எவ்வளவு இருந்தது என்பது கராச்சுக்காரருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட கார்களின் பின்னால் ஓடித் திரிந்தவன், சினிமாவில் வரும் லொறிகள் எல்லாம் ஆலை வாசலில் இருந்து நேரே கமராவுக்கு முன்னால் வந்து நின்றவை என்று நம்பியிருக்கிறேன். படப்பிடிப்புக்கு லொறி கொடுத்தவரும் ஊரில் மூட்டை ஏற்றிப் பிழைத்தவராகத்தானே இருந்திருப்பார். அவருடைய லொறிக்கும் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்திருக்கும்.

அமெரிக்கர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்கள் என்பதும் பிறகு நினைவுக்கு வந்தது. 1936இல் நடப்பதாக ஸ்பீல்பேர்க் 1981இல் எடுத்த ‘ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்’ படத்தில் கதாநாயகன் அடியில் இழுபட்டுப் போகும் ஜேர்மன் லொறி, வெளியே மேர்சிடிஸ் பென்ஸ் போலத் தோன்றும். உள்ளே இருந்தது போர்க்கால அமெரிக்க ஜி.எம்.சி. லொறியின் சசி. அதை நான் என் கொப்பியில் ‘மோசடி’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தேன். எங்கள் லொறி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. நான் கணினியை மூட எடுத்தபோது பெரியப்பா, “இன்னொருக்காப் போடு, சத்தத்தைக் கூட்டு,” என்றார். இந்த முறை திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வலக்காலை மெதுவாக நிலத்தில் அழுத்தி எடுத்தார். லொறி திருப்பத்தில் வேகம் குறைத்து மறுபடி இழுக்கும் இடத்தில், “இது பெட்போர்ட் கியர்பொக்ஸ்,” என்றார். பழைய பெட்போர்ட்டின் கியர்பொக்ஸ் எழுப்பும் அந்த நீண்ட அழுகுரல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் காதுக்குள் இருக்கும். அவர் சொன்னது சரிதான், நானும் அதைக் கவனித்திருக்கிறேன். அந்தக் காலத்துப் படங்களில் வாகனச் சத்தம் பெரும்பாலும் காட்சியோடு சேர்ந்து பதிவானதல்ல, கலையகத்தில் கையிருப்பில் இருந்த சத்தத்தைப் பிறகு ஒட்டுவார்கள், அப்படித்தான் செவர்லெற்றுக்கு பெட்போர்ட்டின் தொண்டை வந்திருக்கிறது என்று விளக்கினேன். கொப்பியிலும் ‘சத்தம் பிழை’ என்று எழுதி வைத்திருந்தேன்.

“எங்கட லொறியும் இப்பிடித்தான் கத்தினது,” என்றார் பெரியப்பா. பழைய செவர்லெற் எஞ்சினின் பேரிங்குகளுக்கு உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகந்தான், எண்ணெயைக் கரண்டியால் அள்ளித் தெளிப்பதைப் போன்ற ஏற்பாடுதான். மூட்டை கூடி, இயக்கச்சிப் பக்கம் வெயிலில் இழுத்தால் தட்டத் தொடங்கிவிடும். இரண்டு முறை ஊற்றிக் கடைந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை அப்பப்பா பொறுமை இழந்து, உடைந்த பெட்போர்ட் ஒன்றிலிருந்து எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாக எடுத்துப் போடச் சொல்லிவிட்டாராம். சசியில் துளை மாற்ற வேண்டியிருந்தது, பின்தண்டை வெட்டிக் குறுக்க வேண்டியிருந்தது. கோண்டாவிலில் ஒரு கராச்சில் மூன்று கிழமை. முகப்பில் செவர்லெற் என்ற எழுத்து கடைசிவரை கழலவில்லை. இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ மொடலைத்தானே கேட்டனி,” என்றார்.

வீட்டுக்கு வந்து கொப்பிகளை விரித்தேன். ஆண்டு என்று போட்ட கோட்டின் கீழ் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் எதை வைத்து எழுதினேன் என்று கேட்டுப் பார்த்தபோது, முக்கால்வாசி இடத்தில் ஒரு பாகத்தின் பெயரே விடையாக வந்தது. ஆகவே இப்போது வேறு விதமாக எழுதுகிறேன்: ‘முன்முகம் 1947–53, வலக்கதவு 1951–52, இடக்கதவு தெரியவில்லை, சத்தம் பெட்போர்ட்’. நீளமாக இருக்கிறது, அழகில்லை, ஒரு பக்கத்தில் ஆறு லொறிக்கு மேல் கொள்ளாது. பெயரை மட்டும் தயங்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் கிறிலும் பொனற்றும் ஒருசேர மாறுவது அரிது. ஆண்டைப் பொறுத்தவரை, ‘இதற்கு முந்தியதாக இருக்க முடியாது’ என்பது லொறியைப் பற்றிய தீர்ப்பு அல்ல, அந்தப் பாகம் பொருத்தப்பட்ட நாளைப் பற்றியது என்பதை ஒவ்வொரு முறையும் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. படம் எடுத்த ஆண்டு ஒன்றுதான் அசையாத வேலி. படத்துக்குப் பிறகு செய்த பாகம் அதில் இருக்க முடியாது. மற்றதெல்லாம் வேலிக்கு உள்ளே மேய்கிற மாடு.

விறாந்தையில் மாட்டிய 1951 லொறி அங்கேயே இருக்கிறது. கழற்ற எடுத்தேன், அப்பா விடவில்லை. வந்தவர்கள் பார்த்துக் கண் கலங்கின படம், அது எந்த வருடமாக இருந்தால் என்ன என்றார். அதில் இரண்டு கதவிலும் முக்கோணக் கண்ணாடி இருப்பது பெரியப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு இரவு பெரியப்பாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் எடுப்பதில்லை என்பதால் நெஞ்சு ஒருமுறை திக்கென்றது. பேர்த்தியின் போனில் அந்தக் காட்சியைத் தானே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“மற்றக் கதவைப் பாத்தனியோ?”

“தெரியாது பெரியப்பா. புழுதி.”

“திருப்பத்திலை ரண்டாவது பனைக்கும் மூண்டாவது பனைக்கும் இடையிலை ஒருக்கா இடப்பக்கம் தெரியுது. சொட்டு நேரந்தான். நிப்பாட்டிப் பார்.”

கணினியைத் திறந்து, பத்து வருடமாகப் பார்த்த காட்சியை அதுவரை நிறுத்தாத ஓரிடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு படச்சட்டமாகத் தள்ளினேன். இரண்டாவது பனை விலகியது. இடப்பக்கக் கண்ணாடி ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் முன்பக்கமாக மெல்லிய வெளிறிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக நின்றது. முக்கோணக் கண்ணாடியைப் பிரிக்கும் சட்டமாக இருக்கலாம். பிலிமில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம். அடுத்த படச்சட்டத்தில் மூன்றாவது பனை வந்துவிட்டது. போனில் பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார். ஒரு படச்சட்டம் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தேன்.